சப்பிரகமுவத் தோட்டப் பள்ளிகளும் தாயக்கட்டைக் கணிதமும்

எண்ணையும் எழுத்தையும் கண்ணெனப் போற்றிய தமிழ்மக்கள், பகடையை மட்டும் அப்போற்றுதலினின்றும் விலக்கியே வைத்தனர். சூதாடுங் கருவி என்னும் பழி அதனை மூடிக்கொண்டமையால், அதனுள் அடங்கிய எண்ணறிவு பலர் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்கு, பகடை உருண்ட இடமெல்லாம் கணக்கும் உடன் உருண்டமை தெளிவாகும். சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் றப்பர்த் தோட்டங்களிலும் குடியேறிய தமிழர்க்குக் கணக்கறிவு வெறும் பள்ளிப் பாடமன்று. உழைத்துப் பெற்ற கூலியைக் காத்துக்கொள்ளுங் கருவி அது. ஆதலின், அவர்தம் பிள்ளைகட்கு எண்ணறிவு எவ்வழியால் வந்தது, எத்தடைகளால் வராது நின்றது, தாயக்கட்டை போன்ற எளிய கருவி அத்தடையை நீக்குதற்கு எவ்வளவில் உதவ வல்லது என்பன ஆராய்தற்குரியன.

பகடையின் தொன்மை

சிந்துவெளி நகரங்களாகிய மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் சுடுமண்ணாற் செய்த கனசதுரப் பகடைகள் கிடைத்துள்ளன. இக்காலப் பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களின் புள்ளிகளைக் கூட்டினால் 7 வரும். 1க்கு எதிரே 6, 2க்கு எதிரே 5, 3க்கு எதிரே 4 என்பது அதன் அமைப்பு. மொகஞ்சதாரோப் பகடைகளிலோ 1க்கு எதிரே 2, 3க்கு எதிரே 4, 5க்கு எதிரே 6 என அமைந்திருத்தல் காணப்படுகின்றது. எண்ணை வரிசைப்படுத்தும் முறை வேறாயினும், புள்ளியால் எண்ணைக் குறிக்குங் கருத்து ஒன்றே. கோல் வடிவான ஆட்டக் கருவிகளும் ஆங்குக் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டிற் கீழடி அகழாய்விலும் தந்தத்தாலான பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் வெளிப்பட்டமை, தமிழகத்தில் இவ்வாட்டத்தின் பழைமையைக் காட்டும்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், சூதாடிக் கெட்டான் ஒருவனின் புலம்பலாக ஒரு சூக்தம் உண்டு. அக்காலத்திற் பகடையாகப் பயன்பட்டவை தான்றிக் கொட்டைகள். ஒருபிடி கொட்டைகளை அள்ளி நான்கு நான்காக எண்ணி, மீதியைக் கொண்டு வெற்றி தோல்வி கண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மீதியின்றி வரின் கிருதம், 3 மிஞ்சின் திரேதம், 2 மிஞ்சின் துவாபரம், 1 மிஞ்சின் கலி. நான்கு யுகங்களின் பெயரும் இவையே. இவ்வாட்டத்தில் வெல்ல விரும்புவோன், குவியலைக் கண்டமாத்திரத்தே அதன் தொகையை அறிய வல்லவனாதல் வேண்டும்.

இதனை மனங்கொண்டு நோக்கினால், மகாபாரதத்து நளன் கதையில் வரும் ஒரு நிகழ்ச்சியின் பொருள் விளங்கும். தேரில் விரைந்து செல்லும் இருதுபன்னன், வழியில் நின்ற தான்றி மரமொன்றைப் பார்த்து, அதன் இலைகளும் காய்களும் இத்துணை என்று சொல்லுகின்றான். நளன் அதனை நம்பாது, தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கத் தொகை சரியாகவே இருக்கின்றது. அதன் பின்னரே இருதுபன்னன் நளனுக்குச் சூதின் மருமத்தைக் கற்பிக்க, நளன் குதிரை செலுத்தும் வித்தையை அவனுக்குக் கற்பிக்கின்றான். மரத்தின் இலையை எண்ணுதற்கும் சூதாட்டத்திற்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு, இரண்டும் ஒரே எண்ணறிவின் இரு கிளைகள் என்பதே விடை. நளவெண்பாவையும் நைடதத்தையும் பாடங்கேட்ட தமிழ் மாணாக்கர், நளன் சூதால் நாடிழந்ததை நினைவிற் கொண்டனர். எண்ணைக் கற்றே கேட்டினின்று மீண்டான் என்பதை அத்துணை நினைந்திலர்.

தாயத்துள் அடங்கிய கணக்கு

தாயக்கட்டை நாற்பக்கக் கோல். பித்தளையாலேனும் மரத்தாலேனும் செய்யப்படும் அதன் பக்கங்கள் மூன்றில் 1, 2, 3 என்னும் புள்ளிகளும், நான்காம் பக்கத்தில் வெறுமையும் இருக்கும். இரு கட்டைகளை ஒருங்கே உருட்டி, மேல்நோக்கிய புள்ளிகளைக் கூட்டிக் காய் நகர்த்துவர். 1 வரின் தாயம். தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்துள் இறங்காது. இரு பக்கமும் வெறுமையாயின் அது 12 எனக் கொள்ளப்படும். 1, 5, 6, 12 விழுந்தவர் மீண்டும் உருட்டும் உரிமை பெறுவர். பித்தளைக் கட்டை வாங்க இயலாதார் சோழியை எடுத்தனர். சோழியும் இல்லாதார் புளியங்கொட்டையை ஒருபுறம் கல்லில் உரைத்து வெள்ளை காணச் செய்து அதனையே உருட்டினர்.

இவ்வாட்டத்தில் விழக்கூடிய வகைகளை எண்ணிப் பார்த்தல் பயன் தரும். கட்டை ஒன்றுக்கு 4 பக்கமாக, இரு கட்டைக்கும் 16 வகைகள் உண்டு. அவற்றுள் 3 விழும் வகை 4. 2 விழும் வகை 3. 4 விழும் வகை 3. 1க்கு 2, 5க்கு 2. 6க்கு 1, 12க்கு 1. மீண்டும் உருட்டும் உரிமையைத் தரும் எண்கள் யாவும் அரிதின் விழுவன என்பது இதனாற் புலனாகும். எளிதில் விழும் 2க்கும் 3க்கும் 4க்கும் அவ்வுரிமை இல்லை. இவ்விதியை வகுத்த முன்னோர் ஏட்டில் எழுதிக் கணித்தனரோ, ஆடிப் பழகிய அனுபவத்தால் அறிந்தனரோ, எவ்வாறாயினும் நிகழ்தகவு என்று இன்று பள்ளியிற் கற்பிக்கப்படும் கருத்தின் வித்து இதனுள் உளது. எதிரியின் காய் ஐந்து கட்டம் முன்னே நிற்ப, அதனை வெட்டுதற்கு எவ்வெண் வேண்டும், தன் காயை அவ்வெண் அணுகாவிடத்தில் எங்ஙனம் நிறுத்துவது என்று சிறுமி ஒருத்தி சிந்திக்குங்கால், அவள் கூட்டலும் கழித்தலும் செய்துகொண்டே இருக்கின்றாள்; தான் கணக்குச் செய்வதை மட்டும் அவள் அறியாள்.

இலங்கையின் சிங்களக் கிராமங்களிலும் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையிற் சோழிகளைக் குலுக்கி ஆடும் பஞ்ச விளையாட்டு வழங்குகின்றது. எனவே சப்பிரகமுவவின் தோட்டத்து லயத்திலும் அதனை அடுத்த கிராமத்து முற்றத்திலும் மொழி வேறாயினும் சோழி எண்ணும் முறை அயலானதன்று.

திண்ணையில் இருந்து தோட்டத்திற்கு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிற் கணக்குக் கற்பித்த முறை வேறு. ஆங்கு எண்சுவடியே முதல் நூல். சட்டாம்பிள்ளை முன்சொல்ல ஏனைய பிள்ளைகள் பின்சொல்லி வாய்பாட்டை மனத்திற் பதிப்பர். முழுவெண்ணோடு நில்லாது, கால், மா, காணி, முந்திரி என்னும் பின்னங்களையும் கற்றனர். மா என்பது 20இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. முந்திரி 320இல் ஒரு பங்கு. நிலமளக்கவும் நெல்லளக்கவும் வட்டி கணிக்கவும் வேண்டிய யாவும் இதனுள் அடங்கின. மணலில் எழுதியும், மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தும் வந்த இம்முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையிற் கண்ட அந்திரூ பெல் என்பார், 1797இல் நூலாக வெளியிட்டு, ஆங்கில நாட்டிற் 'சென்னை முறை' எனப் பரப்பினார். இம்முறை சிறந்ததேயாயினும், நிலமற்ற ஏழைக் குடிகளின் பிள்ளைகட்கும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகட்கும் திண்ணையின் படிகள் எளிதிற் கிட்டவில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும் இலங்கைத் தோட்டங்கட்கு வந்தோருட் பெரும்பாலார் அக்குடிகளைச் சேர்ந்தவரே. அவர்கள் எண்சுவடியைக் கொண்டு வந்திலர். தாயத்தையும் பல்லாங்குழியையும் ஆடுபுலி ஆட்டத்தையும் கொண்டு வந்தனர்.

1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பிப் பயிர் அழிந்த பின்னர், தேயிலை பரவியது. 1876இற் கியூ பூங்காவினின்றும் கனரத்கொடைக்கு வந்த றப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளை மூடின. 1889இற் சப்பிரகமுவ தனி மாகாணமாயிற்று. எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை என்னும் பெயர்கள் தமிழர் வாழ்விற் கலந்தன. நுவரெலியாப் பகுதிபோலத் தோட்டங்கள் தொடர்ந்து கிடவாது, கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தமை சப்பிரகமுவவின் தனியியல்பு.

கணக்கறியாமையின் விலை

இத்தோட்டங்களிற் கணக்கறியாமை எத்துணை இழப்பைத் தந்தது என்பதற்குத் துண்டு முறையே சான்று. தொழிலாளி ஒருவர் கங்காணிக்குத் தரவேண்டிய கடன் இத்துணை, அதனைச் செலுத்துவார் அவரை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டே துண்டு எனப்பட்டது. கப்பற் செலவும் வழிச்செலவும் முற்பணமும் கடனாக எழுதப்பட, தொழிலாளி தோட்டம் மாறினும் கடன் மாறவில்லை. தன் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட தொகை சரியோ தவறோ என்று பார்க்க வல்லார் மிகச் சிலரே. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் ஏட்டை எழுதுவோன் ஒருவன், அதற்கு உட்படுவோன் மற்றொருவன் என்னும் நிலை உடனே ஒழிந்திலது.

1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி 1929இற் குறைந்தபட்சக் கூலி விதிக்கப்பட்டது. மேல்நாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. சப்பிரகமுவத் தோட்டங்கள் உயரத்தால் இடைநாட்டையும் தாழ்நாட்டையுமே பெரிதுஞ் சார்ந்தவை. தாழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் தந்தை, தாய், பிள்ளை மூவரும் 24 நாள் வேலை செய்யின், வரவேண்டியது முறையே 12 ரூபா, 9 ரூபா 60 சதம், 7 ரூபா 20 சதம்; ஆக 28 ரூபா 80 சதம். இடையே ஒருநாள் தந்தைக்கு அரைப்பேர் போடப்படின் 25 சதம் குறையும். அரிசிக்கும் முற்பணத்துக்கும் பிடித்தது போக எஞ்சியதே கையில் விழும். கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்ட றாத்தலையும், செக்ரோலில் விழுந்த பேரையும், கைக்காசையும் தாமே கூட்டிப் பார்க்க அறிந்த குடும்பம் கேள்வி கேட்டது. அறியாத குடும்பம் கொடுத்ததை வாங்கிச் சென்றது. பிள்ளையின் கூலியும் சட்டத்தில் இடம்பெற்றமையே, அப்பிள்ளை பள்ளியில் இராது மலையில் நின்றமைக்குச் சான்றாகும்.

தோட்டப் பள்ளியின் கதை

1854இற் தொடங்கிய தமிழ்க் கூலி மிசன் முதலாய கிறித்தவச் சபைகள் தோட்டங்களிற் பள்ளிகளை நடாத்தின. லயத்துக் காம்பராவிலும் மரநிழலிலும் எழுத்தறிந்த ஒருவர் கற்பித்த லயப் பள்ளிகளும் இருந்தன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைகட்குத் தாய்மொழியிற் கல்வி அளித்தலைத் தோட்டத்துரைமாரின் கடமையாக்கிற்று. 1920ஆம் ஆண்டுச் சட்டமும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கடமையை வலியுறுத்தின. சட்டம் இருந்தது, கட்டடம் சிலவிடத்து இருந்தது, ஆசிரியரோ பெரும்பாலும் ஒருவரே. ஐந்து வகுப்பும் ஓரறையில், ஓராசிரியர் முன் இருந்தன.

1945இற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்டத்தை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளை அரசு ஏற்றபோது தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டது. இம்மக்கள் தம் கணக்கைத் தாமே போட அறியாத காலத்திற் பிறர் அவர்களையே எண்ணிப் பங்கிட்டனர் என்பது வரலாற்றின் கசப்பு. 1972, 1975ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றைத் தொடர்ந்து அப்பத்தாண்டின் இறுதியிற் பள்ளிகளும் அரசின்கீழ் வந்தன. 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களால் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டக் குடும்பங்கள் பல இடம்பெயர, பிள்ளைகளின் படிப்பும் இடையற்றது. 1980களின் நடுப்பகுதி முதற் சுவீடன் நாட்டின் உதவியோடு தோட்டப் பள்ளிகளின் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் திருந்தலாயின. எனினும் சப்பிரகமுவவின் தமிழ்மொழிப் பள்ளிகளிற் கணித ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறையாகவே தொடர்ந்து வந்துளது.

பழியும் பயனும்

இந்நிலையிற் பகடையை வகுப்பறைக்குட் கொணர்தல் தகுமோ எனப் பெற்றோர் ஐயுறுதல் இயல்பே. திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து அதனைக் கடிந்துள்ளது. பாரதக் கதையைக் கூத்தாகக் கண்டும் கேட்டும் வளர்ந்த தோட்டத்து மக்களுக்குச் சகுனியின் பகடையை அறிமுகஞ் செய்தல் வேண்டா. கூலிநாளன்று சூதில் அழிந்த குடும்பங்களின் நினைவும் அவர்கட்கு உண்டு. இவ்வச்சம் வெற்றச்சமன்று. ஆனால் பழிக்கப்பட்டது பணயமேயன்றி எண்ணிக்கையன்று. பொருளைப் பணயமாக வைத்தபொழுது தருமனும் நளனும் கெட்டனர். பணயமின்றி வைகுண்ட ஏகாதசி இரவிற் பரமபதம் ஆடுதலைத் தமிழ்மரபு தீதென்று கொண்டிலது. கண்விழித்திருத்தற்குத் துணையென்றே கொண்டது. அவ்வாட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாடு சென்று, பாம்பும் ஏணியும் என உலகெங்கும் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

விளையாட்டாற் கற்பித்தல் மேலைநாட்டிலும் மெல்லவே ஏற்கப்பட்டது. செருமானியராகிய புரோபெல் பந்து, கனசதுரம், உருளை என்பவற்றைக் குழந்தைக் கல்வியின் கருவிகளாக்கினார். மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். 2008இல் அமெரிக்காவிற் சீக்லர், கீதா இராமணி என்னும் அறிஞர் இருவர், வறிய குடும்பத்துச் சிறு பிள்ளைகளை 1 முதல் 10 வரை எண் இட்ட பலகையில் விளையாடச் செய்தனர். சுழலும் முள் காட்டிய 1 அல்லது 2 கட்டம் நகர்ந்து, கடக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்லுதலே ஆட்டம். இரு வாரத்துள் நான்கு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம் ஆடிய அளவிலேயே அப்பிள்ளைகளின் எண்ணறிவு வளர்ந்தது. எண்ணின்றி நிறம் மட்டும் இட்ட பலகையில் ஆடியோர்க்கு அவ்வளர்ச்சி இல்லை. இதனால் அறியத்தக்கது யாதெனின், உருட்டுதல் மட்டும் கற்பிப்பதில்லை. எண்ணைக் கண்டு, சொல்லி, நகர்த்துதலே கற்பிக்கின்றது என்பது. இலங்கையில் 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புக்களில் வழிகாட்டலோடு கூடிய விளையாட்டிற்கே முதலிடம் தந்தது. பகடைக்கு இருந்த தடை சட்டத்தளவில் அன்றே நீங்கிற்று.

ஓராசிரியர் பல வகுப்புக்களை நடாத்தும் பள்ளியில் இக்கருவியின் பயன் இரட்டிப்பாகும். ஒரு வகுப்பிற்கு அவர் பாடஞ் சொல்லுங்கால் மற்றொரு வகுப்பு வாளாவிராது ஆடிக் கற்கலாம். முதல் வகுப்புப் பிள்ளை புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிச் சின்னாளில் எண்ணாமலே ஐந்தென அறியும். இருதுபன்னனின் வித்தையின் முதற்படி அதுவே. இரண்டாம் வகுப்பில் இரு பகடைகளின் புள்ளிகளைக் கூட்டலாம், பெரியதினின்றும் சிறியதைக் கழிக்கலாம். மூன்றாம் வகுப்பில் அவற்றைப் பெருக்கலாம். 3உம் 5உம் விழுந்தால் 35 என்றும் 53 என்றும் எழுதி இடப்பெறுமானத்தை உணர்த்தலாம். அவற்றின் வேறுபாடு 18. எவ்விரு எண் விழினும் இவ்வாறு வரும் வேறுபாடு 9இன் மடங்காகவே இருத்தலைப் பிள்ளைகள் தாமே கண்டு வியப்பர். மேல்வகுப்பினர் நூறு முறை உருட்டிக் குறித்து, 7 ஏன் மிகுதியாக விழுகின்றது என ஆராயலாம். 36 வகைகளுள் 6 வகை அதற்குரியன.

பகடையால் ஆகாதனவும் உள. கனசதுரத்தில் 6க்கு மேல் எண்ணில்லை. ஆதலின் 7, 8, 9ஆம் வாய்பாடுகளை அது கற்பியாது. அவற்றிற்குத் திண்ணைப் பள்ளியின் முறைவைத்துச் சொல்லலே இன்றும் துணை. ஆட்டத்தாற் பொருளுணர்வும் ஓதலால் நினைவும் வரும். ஒன்று மற்றொன்றை விலக்குவதன்று. நல்லாசிரியர் இல்லாத குறையைப் பகடை நிரப்பாது; இருக்கும் ஆசிரியரின் கையை அது வலுப்படுத்தும், அவ்வளவே.

தோட்டத்து மக்கள் கடல்கடந்து வருங்கால் ஏடும் எழுத்தாணியும் உடன் கொணர இயலாதவராயினர். ஆனால் வாசற்கல்லிற் கரியாற் கட்டங் கீறி, புளியங்கொட்டையை உரைத்து உருட்டிய அவர்தம் மூதாட்டியர், பள்ளிகள் பலவிடத்து மறுத்த எண்ணறிவின் ஒரு துளியைப் பேரப்பிள்ளைகட்கு விட்டுச் சென்றனர். செலவின்றிக் கிடைக்கும் அச்செல்வத்தைப் பழி நீக்கிப் பள்ளிக்குட் கொணர்தல் ஆசிரியர் கடன். தன் தாயின் சம்பளச் சீட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்து, ஒரு சதம் குறைந்தாலும் ஏன் என்று கேட்கவல்ல பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் தோன்றுமாயின், அதுவே இவ்வாட்டத்தில் விழும் மெய்யான தாயமாகும்.